காலுக்கு எழுதிய பாட்டு

பர்வதமலை ஏறியதைப் பற்றி ஒரு பத்திரிகையில் பிரயாணக் கட்டுரை ஒன்று எழுதினேன். நன்றாக இருப்பதாக நாலு பேர் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சில மாதங்கள் கழித்து ஒரு வாசகரிடமிருந்து கடிதம் வந்தது. கட்டுரையைப் படித்த உற்சாகத்தில், மனைவியையும் எழுபது வயது தாண்டிய தாயாரையும் அழைத்துக்கொண்டு, சித்திரைப் பௌர்ணமிக்கு அவர் மலை ஏறப் போயிருக்கிறார். படிக்கட்டு முடிந்து, காட்டுப் பாதையும் முடிந்து, பாறையில் சார்த்திய இரும்பு ஏணியின் அடியில் போய் நின்றபோதுதான், தாயாரால் அதற்கு மேல் ஓர் அடி ஏற முடியாது என்பது தெரிந்திருக்கிறது. இருட்டில் திரும்பி இறங்கவும் வழியில்லை. மனைவியை மேலே போகிற கூட்டத்தோடு அனுப்பிவிட்டு, தாயும் பிள்ளையும் விடிகிற வரையில் ஏணியடியிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். கொண்டுபோன தண்ணீர் எப்போதோ தீர்ந்துவிட்டது.

அவர் திட்டி எழுதவில்லை. திட்டியிருந்தால் பதில் எழுதுவது சுலபமாக இருந்திருக்கும். வெகு மரியாதையாக, "தங்கள் கட்டுரையில் நிலா இருந்தது, மேகம் இருந்தது, தாங்களும் இருந்தீர்கள். ஏணி இல்லை" என்று மட்டும் எழுதியிருந்தார்.

கட்டுரையைத் தேடி எடுத்துப் படித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. ஏணி இல்லை. ஏணியில் ஏறும்போது எனக்கு ஏற்பட்ட உணர்ச்சி இருந்தது, ஏணி இல்லை. வாய் வறண்டது என்று எழுதியிருந்தேன். எத்தனை தண்ணீர் எடுத்துப் போக வேண்டும் என்று எழுதவில்லை. முதல் பக்கத்தில் மட்டும் 'நான்', 'என்' என்ற சொற்கள் 17 இடங்களில் வந்திருந்தன. மலையின் பெயர் 3 தடவை.

பிரயாணக் கட்டுரை வேறு, வழிகாட்டிப் புத்தகம் வேறு, இலக்கியக்காரன் ஏணியையும் தண்ணீரையும் பற்றி எழுத வேண்டிய அவசியமில்லை என்று பதில் எழுதிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். எழுத உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்ல வேண்டும். அப்போதுதான், அதே மலையைப் பற்றி எனக்கு முன்னால் ஒருவர் எழுதியிருக்கிறாரே என்ற ஞாபகம் வந்தது. மலைபடுகடாம் பாடிய பெருங்கௌசிகனார்.

கல்லூரியில் படித்த இரண்டு வருஷத்தில் அந்தப் பாட்டிலிருந்து ஒரு பகுதி எங்களுக்குப் பாடமாக இருந்தது. 'மலைபடுகடாம் காட்டும் மலைவளத்தை விளக்குக' என்பது கேள்வி. தினை, ஐவனநெல், மூங்கில், பலா, தேன் என்று வரிசையாக எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். நான் எழுதினேன், கிடைத்தது. அதற்குப் பிறகு புத்தகத்தைத் தொட்டதில்லை. இப்போது எடுத்து, முழுதாகப் படித்தேன். மலைவளம் அதில் இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் பாட்டு மலைவளத்தைப் பற்றியது அல்ல. ஒரு மலையை உயிரோடு தாண்டுவது எப்படி என்பதைப் பற்றியது.

தெரியாதவர்களுக்காகச் சில விவரங்கள். பத்துப்பாட்டில் பத்தாவது இது, 583 அடி. மதுரைக்காஞ்சியைத் தவிர்த்தால் பத்தில் இதுதான் பெரியது. 1889-ல் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சிட்டார். நமக்கு இது கையில் கிடைக்கிறதென்றால் அவர் புண்ணியம். இதற்குக் கூத்தராற்றுப்படை என்றும் பெயர். நன்னனிடம் போய்ப் பரிசு பெற்றுத் திரும்பி வரும் கூத்தன் ஒருவன், இனிமேல்தான் போகப் போகிற கூத்தர் கூட்டத்தை எதிரில் பார்த்து வழி சொல்லுகிறான். அவ்வளவுதான் கதை. நன்னனுடைய ஊர் செங்கண்மா. இன்றைக்குத் திருவண்ணாமலை ஜில்லாவிலுள்ள செங்கம். அவனுடைய மலை நவிரம். போளூரிலிருந்து செங்கம் போகிற சாலையில், தென்மாதிமங்கலத்துக்கும் கடலாடிக்கும் மேலே ஏறத்தாழ 4,500 அடி உயரத்துக்கு நிற்கிற பர்வதமலைதான் அது என்கிறார்கள். நவிரத்தில் காரியுண்டிக் கடவுள், அதாவது நஞ்சு உண்ட கடவுள், உறைவதாகப் பாட்டு சொல்கிறது. பர்வதமலை உச்சியில் மல்லிகார்ஜுனர் கோயில் இருக்கிறது. பாட்டில் வரும் சேயாறு, செங்கத்தின் ஓரமாகப் போகிற இன்றைய செய்யாறு. ஆகவே ஊர், மலை, ஆறு மூன்றும் பெயரோடும் இடத்தோடும் இன்னும் இருக்கின்றன. சங்கப் பாட்டுகளில் எல்லாவற்றுக்கும் இந்த அதிர்ஷ்டம் கிடையாது.

வழி கேட்பவர்கள் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். தனியாகக் கைவீசிக்கொண்டு போகிற உல்லாசப் பிரயாணி அல்ல. முழவும் யாழும் கொம்பும் நிறைந்த பைகளைத் தூக்கிக்கொண்டு, பெண்டுபிள்ளைகளோடு போகிற கூட்டம். விறலியின் பாதம் கல்லில் பட்டுப் பட்டு, ஓடிக் களைத்த நாயின் நாக்குப் போல இருக்கிறது என்கிறார் கவிஞர். அந்த உவமை மற்ற ஆற்றுப்படைகளிலும் வருவதுதான். ஆனால் இந்தப் பாட்டில் அது அலங்காரமாக நிற்கவில்லை. பாதம் அப்படி இருக்கிறபடியால்தான், மேலே 500 அடிக்கு அந்தப் பாதத்தை எங்கே வைப்பது என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

சொல்லுகிற முறையைப் பாருங்கள். முதலில் கொஞ்சம் சமமான இடம், புனக்காடு. அங்கே கவிஞர் நம் கண்ணை அவிழ்த்து விடுகிறார். தினைக்கதிர்கள், விளையாட்டுச் சண்டையில் யானைக்கன்றுகள் பின்னிக்கொள்ளும் துதிக்கைகளைப் போல வளைந்து கிடக்கின்றன. அவரைப் பூ தயிர் சிதறினாற்போல உதிர்ந்து, அரிவாள் மாதிரி வளைந்த காய் காய்த்திருக்கிறது. இப்படி ஒன்றின்மேல் ஒன்றாக உவமைகள். மலைவளம் என்று நாங்கள் பரீட்சையில் எழுதியதெல்லாம் இந்தப் பகுதிதான். பிறகு குறவர் குடியிருப்பு. நன்னனுடைய கூத்தர் என்று சொல்லிக்கொண்டு உங்கள் வீட்டுக்குள் நுழைகிற மாதிரி நுழையுங்கள், உறவுக்காரர்கள் மாதிரி உரிமையோடு பழகுங்கள், நெய்யில் வெந்த இறைச்சியும் தினைச்சோறும் கிடைக்கும், எத்தனை நாள் இருந்தாலும் கிடைக்கும் என்கிறான் வழி சொல்பவன். சாப்பாடு ஆயிற்று. இனிமேல்தான் மலை.

இங்கிருந்து நடையே மாறிவிடுகிறது. உவமைகள் குறைகின்றன, ஏவல் வினைகள் கூடுகின்றன. தினையைத் தின்ன வரும் பன்றிக்காக, குறுகிய வழிகளில் பெரிய கல்லை வைத்துப் பொறி பண்ணியிருக்கிறார்கள். இருட்டில் போகாதே, விடிந்தபின் போ. பருக்கைக்கல் பள்ளங்களில் பாம்பு ஒடுங்கியிருக்கும். மரத்தில் ஏறிக் கைதட்டிப் பார், விறலியர் கைகூப்பி வாழ்த்தட்டும், கொஞ்சம் வழி விலகிச் சுற்றிக்கொண்டு போ. பரண்மேல் இருப்பவர்கள் யானையை விரட்டக் கவணில் கல் வீசுவார்கள். அது மூங்கிலில் பட்டுக் குரங்குகளைச் சிதற அடித்துக்கொண்டு எமன் மாதிரி வரும், மரங்களை மறைவாக வைத்துக்கொண்டு போ. காட்டாற்றுச் சரிவு வழுக்கும். கொடி சுற்றிய மரத்தைப் பிடித்துக்கொள், குழந்தைகள் இருக்கிறார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு போங்கள். பாசி மூடிய சுனைக்கரையில் கால் நிலைக்காது. சிறுமூங்கிலையும் நாணலையும் பற்றிக்கொண்டு போ. ஒவ்வொன்றும் 'கழிமின்' என்ற மாதிரி ஒரு கட்டளையில் வந்து முடிகிறது. ஆபத்து என்ன, எங்கே, எதைப் பிடித்துக்கொள்வது, போ. வேறு பேச்சு இல்லை.

நச்சினார்க்கினியர், பத்துப்பாட்டு முழுவதிலும், இங்கே இருக்கும் அடியை அங்கே கொண்டுபோய்க் கூட்டிப் பொருள் சொல்வதில் சமர்த்தர். அவர் கல்வியின் முன்னால் நான் எம்மாத்திரம். ஆனாலும் இந்த மாதிரிப் பாட்டில் அடியை இடம் மாற்றுவது, சாலையில் மைல்கல்லைப் பிடுங்கி வேறு இடத்தில் நடுகிற காரியம் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்தப் பாட்டுக்கு வரிசைதான் உயிர்.

இதெல்லாம் முடிந்த இடத்தில், என்னைப் புத்தகத்தை மூடிவைக்கச் செய்த ஒரு கட்டம் வருகிறது. மயில் தோகை விரித்து ஆடும், கடுவன் தாவும், செங்குத்தான பாறையில் தேர்ச்சக்கரம் போலத் தேன்கூடுகள் தொங்கும் என்று சொல்லிவிட்டு, வழி சொல்பவன், அவற்றைச் சட்டென்று திரும்பிப் பார்க்காதீர்கள், அது சரியல்ல, கால் வழி தவறிவிடும் என்கிறான்.

இயற்கை அழகைப் பாடிய கவிஞர்கள் எல்லா மொழியிலும் இருக்கிறார்கள். அழகைக் காட்டிவிட்டு அதைப் பார்க்காதே என்று சொன்ன கவிஞர் எத்தனை பேர் என்று யோசித்துப் பார்த்தேன். இத்தனைக்கும் அழகு தெரியாதவரல்ல. நாலு சொல்லில் தேன்கூட்டைத் தேர்ச்சக்கரமாக்கிக் காட்டியவர். நமக்காக அவர் பார்த்துவிட்டார். நாம் காலைப் பார்த்து நடக்க வேண்டும்.

கல்லூரியில் இந்தக் கட்டத்தைப் படித்தேனா என்றே நினைவில்லை. படித்திருந்தாலும் புரிந்திருக்காது. கடிதம் வந்தபின், ஏணியைச் சரியாகப் பார்த்து வர வேண்டும் என்றே, புரட்டாசியில் இரண்டாம் தடவை பர்வதமலை போனேன். மேலே சமையலுக்கு அரிசி சுமந்து போகிற பெரியவர் ஒருவரோடு சேர்ந்துகொண்டேன். தலையில் மூட்டை, காலில் செருப்புக் கிடையாது. படிக்கட்டு முடிந்து கல்லும் வேருமாகப் பாதை ஆரம்பித்ததும், வழக்கம்போல நான் அங்கங்கே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு இடத்தில் காலடியில் கல் புரண்டது. விழவில்லை, முழங்கை சிராய்ந்ததோடு சரி. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சாமி, நடக்கச்சொல்ல மேல பாக்காதீங்க. காலப் பாத்து வையுங்க. பாக்கறதெல்லாம் குந்திக்கினு பாத்துக்கலாம்" என்றார்.

பெருங்கௌசிகனார் 583 அடியில் செய்ததை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார் என்று எழுதினால் அழகாக இருக்கும். அது உண்மையல்ல. அவர் சொன்னது அந்த ஒரு கல்லுக்கு. அடுத்த கல்லுக்கு இன்னொன்று சொன்னார். சங்கிலியை எந்தக் கையால் பிடிப்பது, பாறையில் அடித்திருக்கும் கடப்பாரைகளில் எது ஆடும், ஏணியில் ஏறும்போது பையை முன்பக்கம் மாட்டக் கூடாது என்று தேவைப்பட்ட இடத்தில், தேவைப்பட்ட அளவுக்கு ஒவ்வொன்றாக. மலைபடுகடாத்தின் நீளம் எதற்கு என்று எனக்கு அப்போது விளங்கிற்று. பாதை அவ்வளவு நீளம்.

இன்னொன்றும் அந்த ஏற்றத்தில்தான் விளங்கிற்று. பாட்டின் நடுவில் ஏறத்தாழ 50 அடிக்கு ஒலிகளின் வரிசை ஒன்று வருகிறது. உரைக்காரர்கள் ஒலிகள் 20 என்று எண்ணுவார்கள். பாட்டுக்குப் பெயரே அதிலிருந்து வந்ததுதான். மலையை யானையாக வைத்தால், அதில் எழும் ஒலிகளெல்லாம் அதன் மதநீர். இந்த வரிசையைப் பற்றி நம் விமர்சகர்கள் வியந்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். சிலருக்கு இது பட்டியலாகப் பட்டு அலுப்புத் தட்டுகிறது. எனக்கும் படிக்கும்போது அப்படித்தான் இருந்தது. ஆனால் காடு அடர்ந்த மலையில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: அங்கே ஒன்றும் தெரிவதில்லை. மலைக்குள் போனபின் மலை கண்ணில் படாது. பத்து அடிக்கு அப்பால் மூங்கிலும் புதருந்தான். தண்ணீர் எந்தப் பக்கம், மனிதர் எந்தப் பக்கம், மிருகம் எந்தப் பக்கம் என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். பெரியவர் ஓரிடத்தில் மூட்டையோடு நின்று, கீழே வருகிற கூட்டம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று காதால் அளந்து சொன்னார். கண்ணால் பார்த்ததை எழுதுவதற்கு எட்ட நிற்க வேண்டும். காட்டுக்குள் இருப்பவன் ஒலியைத்தான் எழுத முடியும். இது பட்டியல் அல்ல. உள்ளே இருந்துகொண்டு வரைந்த படம்.

அந்த ஒலிகளிலும் என்னென்ன இருக்கின்றன! அருவியில் குளிக்கும் பெண்களின் இரைச்சல், வேங்கைப்பூப் பறிக்கும் பெண்கள் புலி புலி என்று போடும் கூச்சல், குறவர் கள் குடித்து ஆடும் குரவை, தினை குற்றுகிறவர்களின் பாட்டு, தின்று போட்ட பலாப்பழ மிச்சத்திலிருந்து கொட்டை எடுக்கக் கன்றுகளை விட்டு மிதிக்கச் செய்யும் பையன்களின் அதட்டல். கூடவே, முள்ளம்பன்றியால் அடிபட்ட கானவனின் முனகல் இருக்கிறது. புலி கிழித்த கணவனின் புண் ஆறப் பாடும் கொடிச்சியின் குரல் இருக்கிறது. குட்டியைப் பாறைப் பிளவில் நழுவ விட்டுவிட்ட குரங்கின் கூட்டம் போடும் ஓலம் இருக்கிறது.

இங்கே ஒரு குறை சொல்லத் தோன்றுகிறது. அதையும் சொல்லிவிட வேண்டும். இந்தப் பாட்டில் இத்தனை ஆபத்துக்கள் இருந்தும் வழிப்போக்கர்களில் ஒருவருக்கும் ஒன்றும் ஆவதில்லை. ஒவ்வொரு ஆபத்துக்கும் கையோடு ஒரு பரிகாரம் உண்டு. பாதை தெரியாமல் மாட்டிக்கொண்டால்கூட ஆள் வந்துவிடுகிறது. நன்னன் மலை விருந்தாளியைக் கொல்லாது. பரிசில் பாட்டுக்கு இது வேண்டிய மரியாதைதான். வள்ளலின் மலையில் கூத்தன் விழுந்து செத்தான் என்று யாரும் பாட முடியாது. ஆனால் கவிஞருக்கு அந்த மலை என்ன செய்யும் என்று தெரியும். அதனால், பாதையில் சொல்ல முடியாததை ஒலியில் சொல்லிவிட்டார். விழுந்தது குரங்குக்குட்டி, கிழிபட்டது உள்ளூர்க்காரன். வழிப்போக்கன் காதில் கேட்டுக்கொண்டே தாண்டிப் போகிறான். கவிஞர் இதை எண்ணித்தான் செய்தாரா என்று யாராலும் சொல்ல முடியாது. படிக்கிற எனக்கு, துக்கம் அந்த வழியாகத்தான் பாட்டுக்குள் வந்து சேர்கிறது.

மேல்நாட்டில் மலையேற்றத்தைப் பற்றிய எழுத்து என்றால் பெட்ரார்க்கிலிருந்து ஆரம்பிப்பது வழக்கம். 1336 ஏப்ரல் 26 அன்று தம்பியோடு பிரான்ஸின் தெற்கிலுள்ள வான்டூ மலை உச்சிக்கு ஏறியதாக அவர் எழுதிய கடிதம் பிரசித்தமானது. (அன்றைக்கே எழுதியதல்ல, பல வருஷம் கழித்து எழுதியது என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்கிறார்கள். பிரயாணக் கட்டுரை எழுதுகிறவர்களுக்கு இது ஆறுதல்.) தம்பி செங்குத்தாக ஏறிப் போக, இவர் சுலபமான வழி தேடித் தேடிச் சுற்றுகிறார், அதிலிருந்து தன் ஆத்மாவின் சோம்பலைப் பற்றிச் சிந்திக்கிறார். உச்சியில் போய் அகஸ்தினின் புத்தகத்தைத் திறக்கிறார். மனிதர்கள் மலைகளை வியந்துகொண்டு தங்களை மறந்துவிடுகிறார்கள் என்ற இடம் கண்ணில் படுகிறது. வெட்கப்பட்டு, பேசாமல் இறங்கிவிடுகிறார். உயர்ந்த எழுத்துத்தான். ஆனால் அந்தக் கடிதத்தில் கிழட்டு இடையன் ஒருவன் வருகிறான். ஐம்பது வருஷத்துக்கு முன் அதே மலையில் ஏறியவன். கல்லும் முள்ளும் உடம்பையும் துணியையும் கிழித்ததைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை, போகாதீர்கள் என்கிறான். கேட்கமாட்டார்கள் என்று தெரிந்தவுடன், பாறைகளுக்கு நடுவில் பாதை எங்கே போகிறது என்று விரலால் காட்டுகிறான். பெட்ரார்க் அவனை அங்கேயே விட்டுவிட்டு மேலே போகிறார். நாமும் அவரோடு போய்விடுகிறோம். பின்னால் அந்த இடையன் என்னென்னவோ கூவிக்கொண்டிருக்கிறான்.

அந்த இடையன் உட்கார்ந்து ஒரு பாட்டு எழுதியிருந்தால் அது மலைபடுகடாம் மாதிரி இருந்திருக்கும்.

உச்சியைப் பற்றி மலைபடுகடாத்தில் ஒன்றும் இல்லை என்பதும் கவனிக்கத் தக்கது. யாரும் உச்சிக்கு ஏறுவதில்லை. உச்சி கடவுளுடையது, கூத்தருக்கு வேண்டியது மலைக்கு அப்பால் இருக்கும் ஊர். கடவுள் இருக்கும் இடம் வந்தால் தொழுதுவிட்டுப் போங்கள், வாத்தியத்தைச் சும்மாத் தொட்டுவிடாதீர்கள், மழை கொட்டிவிடும் என்று எச்சரிக்கை மட்டும் உண்டு. பிறகு, குறவர்களுக்கே திசை குழம்புகிற இடம் ஒன்று வருகிறது. அங்கே மட்டும், நடப்பதை நிறுத்தி அகன்ற பாறையில் எல்லாரும் கூடி நின்று வாத்தியங்களை வாசியுங்கள் என்கிறான். காடு காக்கிற கானவர்கள், ஆற்றுத்துறையில் யாரோ மூழ்குகிற கூச்சலைக் கேட்டவர்கள் மாதிரி ஓடி வருவார்கள். தின்னப் பழமும் சூடப் பூவும் காட்டி, முன்னால் நடந்து வழி காட்டுவார்கள். கலைஞனிடம் இருக்கும் ஒரே சாமான் அவன் வாத்தியம். அதை எங்கே தொடக் கூடாது, எங்கே தொட வேண்டும் என்பதை இரண்டு இடத்தில் வைத்துச் சொன்னதை நான் வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். என் கட்டுரையில் நான் எங்கெங்கோ வாசித்திருந்தேன்.

மலையை விட்டு இறங்கியபின் வருகிற முல்லை நிலப் பகுதி சுருக்கம். ஆனால் அதில் இரண்டு விஷயங்கள் தங்கக்கட்டி. ஒன்று: வழி பிரியும் இடத்தில், எந்தக் கிளையில் போகக் கூடாதோ அதைத் துடைத்துவிட்டு, சரியான வழியில் புல்லை முடிந்து போட்டுவிட்டுப் போங்கள்; பின்னால் வருகிற புதியவர்களுக்கு ஆகும். இன்னொன்று: மராமரத்தடியில் தெய்வம் நிற்கிற இடங்களில், போகும் ஊர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டி வைத்திருப்பார்கள், அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். நடுகற்களும் வழியெல்லாம் உண்டு என்கிறார். இது கற்பனையல்ல. செங்கத்தைச் சுற்றிக் கிடைத்த பிற்கால நடுகற்கள் எண்ணிக்கையில் அதிகம். அவற்றின் கல்வெட்டுகளைத் தமிழ்நாடு தொல்பொருள் ஆய்வுத் துறை 'செங்கம் நடுகற்கள்' என்ற புத்தகமாகவே 1972-ல் வெளியிட்டது. பாட்டில் வருகிற கற்கள் அவற்றுக்கு முந்தியவை. ஆனாலும் அந்த மண்ணுக்குக் கல் நடுகிற பழக்கம் போகவில்லை.

அதற்கப்புறம் வயல், சேயாறு, ஊர், அரண்மனை. சமதரைக்கு வந்ததும் கவிஞருக்குச் சிரத்தை குறைந்துவிட்டது என்பது என் அபிப்பிராயம். நன்னனின் புகழ், பகைவரின் தோல்வி, யானை, தேர், பொன் எல்லாம் வேறு யாரைப் பற்றிய பாட்டிலும் வைக்கலாம். அரண்மனை வாசலில் மலைக்காரர்கள் காணிக்கையாகக் கொண்டுவந்த கரடிக்குட்டியும் கீரியும் மயிலும் பலாப்பழமும் குவிந்து கிடக்கிற ஒரு காட்சி மட்டும் விதிவிலக்கு. வழியில் பார்க்காதே என்று சொன்னதெல்லாம் அங்கே தரைக்கு வந்து நிற்கிறது. உட்கார்ந்துகொண்டு பார்க்கலாம்.

இவ்வளவு சொன்னபின், கவிதையை இப்படிப் பாதைக் குறிப்பாகச் சுருக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். நண்பர் ஒருவர், அவரும் எழுத்தாளர், கேட்டே விட்டார்: "அப்படியானால் ரயில்வே கைடும் காவியந்தானே?" இல்லை. ரயில்வே கைடுக்கு எதிரில் நிற்பவர் யார் என்று தெரியாது. இந்தப் பாட்டு, விறலியின் பாதம் எப்படி இருக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டு, குழந்தைகள் எத்தனை, சுமை என்ன என்று பார்த்துவிட்டுப் பேசுகிறது. நம் பிரயாண இலக்கியத்தில் நான் உள்பட முக்கால்வாசிப் பேர், போய்வந்தவன் என்ற பெருமையில் பேசுகிறோம். வாசகன் வீட்டில் சாய்வு நாற்காலியில் இருக்கிறான், எங்கேயும் போகப் போவதில்லை என்று நாமே தீர்மானித்துக்கொள்கிறோம். அவன் ஒரு நாள் மூட்டையைக் கட்டிக்கொண்டு, தாயாரையும் அழைத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறான்.

என்றைக்காவது என் கட்டுரைகள் தொகுதியாக வந்தால் பர்வதமலைக் கட்டுரையைச் சேர்ப்பதில்லை என்று வைத்திருக்கிறேன். திருத்தி எழுதலாமே என்றார்கள். ஏணியையும் தண்ணீரையும் ஒட்டுப் போடுவதால் அது சரியாகாது. முதல் வாக்கியத்திலிருந்தே அது தன்னைப் பார்த்துக்கொண்டு நடக்கிற கட்டுரை.

வாசகருக்குப் பதில் எழுதினேன். மன்னிப்பு இரண்டு வரி. மீதியெல்லாம் வழி: எந்த ஊர்ப் பக்கத்திலிருந்து ஏறுவது, படிக்கட்டு எங்கே முடிகிறது, ஆளுக்கு எவ்வளவு தண்ணீர், ஏணியடிக்கு முன்னால் வயதானவர்கள் சாய்ந்து உட்காரத் தோதான பாறை எது, பௌர்ணமிக் கூட்டத்தில் வேண்டாம், விடிந்தபின் ஏறுங்கள் என்று. ஐந்து பக்கம் ஆயிற்று. சமீபத்தில் நான் எழுதியவற்றில் அதைத்தான் அதிகத் தடவை அடித்துத் திருத்தியிருக்கிறேன்.

அவரிடமிருந்து மறுபடி கடிதம் வந்தது. அம்மாவுக்கு இன்னொரு தடவை போக வேண்டும் என்று இருக்கிறதாம். ஏணியடி வரைக்கும் போதுமாம். அந்த இரவைப் பற்றித்தான் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் பேசிக்கொண்டிருக்கிறாளாம். நள்ளிரவுக்கு மேல், மூட்டை சுமந்துகொண்டு மேலே போன ஒருவர் இவர்களைப் பார்த்து நின்று, தன் தண்ணீரைக் கொடுத்து, மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து அவளுக்குப் போர்த்திவிட்டு, விடிகிற வரையில் அங்கேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாராம். முதல் கடிதத்தில் இதை எழுத விட்டுப்போயிற்று, அவர் பேரைக் கேட்கவும் தோன்றவில்லை, தங்களுக்குத் தெரியுமா என்று கேட்டிருந்தார். என்னோடு வந்த பெரியவராக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அந்தப் பாதையில் சுமை ஏற்றுகிறவர்கள் பல பேர்.